விண்டோஸை அழிக்காமலே லினக்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி ஆய்வகப் பாடத்துக்கு, விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் வேண்டும் என்றதும் வேலூர், காட்பாடி மாணவர்கள் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே விண்டோஸை அழித்துவிட்டுப் போடுகிறார்கள், இல்லையென்றால் டிஸ்கை இரண்டாகப் பிரிக்கிறார்கள். வீட்டுக்கே ஒரு லேப்டாப் என்றால் இது வேண்டாத வேலை. கணினிக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை உருவாக்கும், இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் லினக்ஸைப் போட்டால் அது விண்டோஸின் கண்ணுக்கு ஒரு பெரிய ஃபைல்தான். படிப்பு முடிந்ததும் அழித்துவிடலாம்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் (போலிக் கணினிகளை ஓட்டும் வசதி) 'டிஸேபிள்ட்' என்றிருந்தால், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்க வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினியாக இருந்தால் ரெக்கவரி கீயை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பயாஸை மாற்றிய பிறகு அதைக் கேட்டாலும் கேட்கும். லினக்ஸ் ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் கீழே பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். மெதுவாக ஓடுமே தவிர ஓடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வேலைக்கு அந்த வேகம் போதும், ஆமையை அப்படியே விட்டுவிடலாம்.

லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ஒன்றான உபுண்டு டெஸ்க்டாப் 5 ஜிபிக்கு மேல். நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை வைத்துக்கொண்டு அதை இறக்குவது நடக்காத காரியம். இன்னொரு வகையான டெபியனின் நெட்இன்ஸ்ட் (தேவையானதை மட்டும் இணையத்திலிருந்து இறக்கும் சிறிய நிறுவல் ஃபைல்) ஒரு ஜிபிக்குள் அடங்கும். 1 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க் கொடுத்தால் டெஸ்க்டாப் இல்லாத டெபியனுக்குத் தாராளம். டிஸ்க் உடனே 25 ஜிபியைப் பிடித்துக்கொள்ளாது, பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் வளரும். ஆனால் உள்ளே ஃபைல்களை அழித்தாலும் தானாகச் சுருங்காது.

விர்ச்சுவல்பாக்ஸ் 7-இல் ஒரு பொறி இருக்கிறது. ஐஎஸ்ஓவை, அதாவது இறக்கிய நிறுவல் ஃபைலைக் காட்டியதுமே, நம்மைக் கேட்காமல் தானே நிறுவிவிடும் 'அன்அட்டெண்டட்' முறைக்குப் போய்விடும். அதில் உருவாகும் விபாக்ஸ்யூசர் கணக்குக்கு, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை இட உதவும் சூடோ உரிமை இருப்பதில்லை. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த முறையைத் தவிர்க்கும் தேர்வை முதல் திரையிலேயே பார்த்துவிடுங்கள்.

டெபியனை நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் உங்கள் கணக்குக்கே சூடோ கிடைக்கும். அடுத்து, டிஸ்க் முழுவதையும் அழிக்கட்டுமா என்று கேட்கும்போது பலருக்குக் கை நடுங்கும். திரையில் '26.8 ஜிபி விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்' என்று எழுதியிருக்கும். நீங்கள் கொடுத்த 25-ஐத்தான் அது வேறு கணக்கில் காட்டுகிறது. அழியப்போவது அது மட்டுமே. மென்பொருள் பட்டியலில் ஸ்பேஸ் பாரைத் தட்டி டெஸ்க்டாப் குறிகளை எடுத்துவிடுங்கள். நேராக என்டரை அழுத்தினால் டெஸ்க்டாப்பும் சேர்ந்து இறங்கி அன்றைய இணைய டேட்டா காலி. கடைசியில், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரலான கிரப்பை எங்கே போடுவது என்று கேட்கும்போதும் அவசரம் கூடாது. மேலே நிற்பது 'கையால் உள்ளிடு' என்ற வரி. ஒரு படி இறங்கி எஸ்டிஏ (/dev/sda) என்ற டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மறுதொடக்கத்தில் கறுப்புத் திரைதான். மறுபடியும் நிறுவல் பக்கமே வந்து நின்றால் ஐஎஸ்ஓ இன்னும் உள்ளேயே இருக்கிறது, டிவைசஸ் மெனுவில் போய் அகற்றிவிடுங்கள். மவுஸ் உள்ளே சிக்கிக்கொண்டால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசை விடுவிக்கும்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். 'லினக்ஸ் நிறுவி வரவும்' என்று ஒரே வரியில் அனுப்பாமல், ஐஎஸ்ஓவை ஆய்வகத்திலேயே பென்டிரைவில் கொடுங்கள். ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் அதன் எஸ்எச்ஏ-256 எண்ணைப் பலகையில் ஒட்டி வையுங்கள். விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் மாணவர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பாதியில் அறுந்த ஃபைலோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

- கணினி ஆய்வகப் பணியாளர்கள் சிலர், காட்பாடி