பேலூர், ஹளபேடு கல்விச் சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அடுத்த மாதம் கர்நாடகத்தின் பேலூருக்கும் ஹளபேடுக்கும் அழைத்துச் செல்லவிருக்கிறோம். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனைப் பற்றி வழிகாட்டிகள் பல கதைகளைச் சொல்வார்கள் என்பதால், வகுப்பில் அவற்றை எவ்வாறு அணுகுகிறோம் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க விரும்புகிறேன்.

முனிவரின் சொல் கேட்டுச் சளன் என்னும் வீரன் புலியைக் கொன்றான், அவனிடமிருந்தே மரபு தோன்றியது என்பது முதல் கதை. இது பிற்காலத்தார் கட்டியதன்று. 1117ஆம் ஆண்டுப் பேலூர்க் கல்வெட்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றினான். சோழரின் சின்னம் புலி என்பதால், இக்கதை அவ்வெற்றிக்குப் பிறகே பரவியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இரண்டாவது கதை நம் வீடுகளிலும் வழங்குவது. சமணனாக இருந்த பிட்டிதேவனின் மகளைப் பிடித்திருந்த பேயை இராமானுசர் ஓட்டியதாகவும், அதனால் மன்னன் வைணவனாகி விஷ்ணுவர்த்தனன் என்று பெயர் பெற்றதாகவும் கேட்டிருப்பீர்கள். இத்துடன் அவன் சமணரைத் துன்புறுத்தினான் என்றும் சிலர் சேர்த்துச் சொல்வதுண்டு. அதைத்தான் பிள்ளைகள் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். பட்டத்தரசி சாந்தலை சமணராகவே இருந்து, 1123இல் சிரவணபெளகொளாவில் பசதி (சமணக் கோயில்) எழுப்பினார். தலக்காட்டை வென்ற தளபதி கங்கராஜனும் சமணர்; அவர் நினைவாக மகன் போப்பன் ஹளபேட்டில் பார்சுவநாதருக்கு 1133இல் பசதி கட்டினார். அதன் பிரசாதம் வந்து சேர்ந்த வேளையில் போர் வெற்றியும் மகன் பிறந்த செய்தியும் கிடைத்திருந்ததால், மகிழ்ந்த மன்னன் அத்தெய்வத்துக்கு விஜய பார்சுவர் என்று பெயரிட்டதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஹொய்சளேசுவரர் கோயிலைப் பார்த்தவுடன் திரும்பிவிடுவோர் பலர். நம் மாணவர்கள் இந்தப் பசதிக்கும் சென்று, முகம் தெரியுமளவு மெருகேற்றிய அதன் தூண்களையும் காண்பார்கள்.

இராமானுசர் கதையை வீட்டுப் பெரியோர் அறிந்த வடிவில் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புங்கள். கல்வெட்டுச் செய்தியோடு அதை ஒப்பிட்டு எழுதுவதே அவர்களுக்கான பயிற்சி. கதையைப் பொய்யென்று தள்ளுவது எங்கள் நோக்கமன்று.

ஒப்புதல் படிவத்தைக் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தர வேண்டுகிறேன். நண்பகலில் கோயில் வளாகத்துக் கல்தரை கடுமையாகச் சுடும் என்பதால், தடித்த காலுறை ஒரு சோடியும் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்