கை எட்டும் உயரம்

வடபழனி, சென்னை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. திட்டாதே. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு மசாலாக் கம்பெனிக்கு ஸ்டால் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் செட் போடுகிற வேலை குறைந்துவிட்டது. வருஷத்தில் பாதி நாள் ஸ்டால், ஷோரூம், மாலில் கார் நிறுத்துகிற மேடை என்றுதான் போகிறது. ஊரில் இன்னும் ‘சினிமாவில் இருக்கான்’ என்றே சொல்லிவை.

கம்பெனி கேட்டது செட்டிநாட்டு வீடு. திண்ணை, முகப்பு, நாலு தூண். நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரீப்பர் கட்டையில் ஃபிரேம் அடித்து, பிளைவுட் போர்த்தி, தூணுக்குப் பூச்சு பூசி, தேக்கு ரேகையை நானே சீப்பால் இழுத்தேன். தரைக்கு ஆத்தங்குடிக் கல் மாதிரி வினைல் பிரிண்ட். கேமரா வைத்திருந்தால் காரைக்குடிக்காரனே ஏமாந்திருப்பான்.

வந்தது கேமரா இல்லையே. முதல் நாள் காலையிலேயே ஒரு ஆச்சி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அது ஒன்றே எனக்குப் பெரிய சர்டிபிகேட். இரண்டடி வைத்ததும் நின்றார். வெறுங்காலுக்குக் கல்லின் குளிர்ச்சி கிடைக்கவில்லை. குனிந்து ஆள்காட்டி விரலால் தரையைத் தேய்த்துப் பார்த்து, “காகிதமாப்பா?” என்றார். அப்புறம் விரலை மடக்கித் தூணைத் தட்டினார். காலிப் பெட்டிச் சத்தம். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், வருகிற எல்லோரும் தட்டுகிறார்கள். சாயங்காலத்துக்குள் இடுப்பு உயரத்தில் ரேகை தேய்ந்து வெள்ளை தெரிந்தது. ஒரு பயல் உதைத்ததில் தூணின் அடியில் ஓட்டை வேறு. ராத்திரி ஹாலைப் பூட்டும்வரை டச்சப்.

படத்தில் லென்ஸ் எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியும். பின்னால் முட்டுக் கொடுத்த கட்டையைப் பற்றிக் கவலையே இல்லை. நாடகத்தில் உன் தர்பார் சீன் துணிக்கும் முன்வரிசைக்கும் நடுவே மேடை இருக்கிறது. ஸ்டாலுக்கு வருகிறவனுக்கோ கையும் உண்டு, காலும் உண்டு, பின்பக்கம் சுற்றி வருகிற குசும்பும் உண்டு.

2010 ஞாபகம் இருக்கா? ஓமந்தூரார் தோட்டத்தில் புதுச் சட்டமன்றக் கட்டடம், மார்ச் 13 திறப்பு விழா, பிரதமர் வருகிறார், மேலே குவிமாடம் முடியவில்லை. தோட்டா தரணியை வைத்துக் குவிமாடத்தைச் செட்டாகவே போட்டார்கள். ஊரே கேலி பேசியது. அரசியலை விடு, தொழில்காரனாகச் சொல்கிறேன், சரியான இடத்தில் போட்ட செட் அது. அண்ணாந்து பார்ப்பதை யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இப்போது அது பெரியாஸ்பத்திரி. போன மாதம் மச்சினனைப் பார்க்கப் போனபோதும் நான் அண்ணாந்துதான் பார்த்தேன்.

அதனால் அடுத்து வந்த காபிக்கடை வேலையில் கணக்கை மாற்றினேன். ஆறடி வரைக்கும் அசல், இடித்த வீட்டுத் தேக்கு. அதற்கு மேல் பிளைவுட்டும் பெயின்ட்டும். தரைக்கு ஆத்தங்குடியிலிருந்தே கல், கண்ணாடிமேல் வார்த்து எடுப்பார்களே, அதுவேதான். முதலாளி பில்லைப் பார்த்து அழாத குறை. ஆனால் இதுவரை ஒரு டச்சப் இல்லை.

இந்தக் கணக்கை ஒருவர் ஏற்கெனவே உடைத்திருக்கிறார். டாம் பைப்பர், இங்கிலாந்தில் நாடக மேடை அமைக்கிறவர். முதல் உலகப் போர் தொடங்கி நூறு வருஷம் ஆனதற்காக 2014-இல் லண்டன் டவர் கோட்டையின் அகழியில் 8,88,246 சிவப்புப் பாப்பிப் பூக்களை நட்டார்கள், அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ், காலனிப் படைவீரர் ஒருவருக்கு ஒரு பூ. பூக்கள் பால் கம்மின்ஸ் என்ற கலைஞருடையவை. அவை ஜன்னலிலிருந்து ரத்தமாக வழிந்து இறங்கி அகழி முழுக்கப் பரவுகிற காட்சி பைப்பருடையது. ஜனம் மேலே கரையில் நின்றுதான் பார்த்தது. அந்தத் தூரத்துக்குப் பிளாஸ்டிக் போதும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். அவர்கள் ஒவ்வொன்றையும் செராமிக்கில் கையால் செய்தார்கள். பிறகு பிடுங்கி, ஒரு பூ 25 பவுண்டு என்று வாங்கியவர்களுக்கு அனுப்பினார்கள். நாம் செட்டைப் பிரித்தால் ஆணி பொறுக்கக்கூட ஆள் வருவதில்லை மாப்ளே. இது தெரிந்ததிலிருந்து என் ஆறடிக் கணக்கு எனக்கே கொஞ்சம் உதைக்கிறது.

சரி, காரியத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு மாலில் பழைய நாடகக் கொட்டகை மாதிரி ஒரு மூலை வேண்டுமாம், ஜனம் நின்று போட்டோ எடுக்க. ஃபிளெக்ஸில் அடித்துக்கொடு என்றார்கள். துணியில் வரைந்த அசல் சீன் ஒன்று கொண்டுவருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். உன்னிடம் அந்த வனம் சீன் இன்னும் இருக்கிறதா, நாம் இரண்டு பேரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மான் வரைந்தோமே? ஒரு மாத வாடகை எவ்வளவு என்று எழுது. ஜனம் தொடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே எலி கடித்த இடத்துக்கு ஒட்டுப் போடாதே, அப்படியே சுருட்டி அனுப்பு.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

உன்
பழைய பிரஷ் கூட்டாளி