செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சந்தா, குடும்ப நல நிதிக் கணக்குகளைப் பொருளாளர் வாசிப்பார். அறுவை சிகிச்சைத் தியேட்டரிலும் வார்டிலும் நாம் ஒருவரோடொருவர் எப்படி வேலை செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் இளைய சிஸ்டர்கள் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள். தவறு கண்ணில் பட்டாலும் மூத்தவர்களிடம் சொல்லப் பயம், சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்ற பதில். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இதை வெறும் மனத்தாங்கல் என்று செயற்குழு ஒதுக்கிவிடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை மாதக் கூட்டங்களில் வரிவரியாகப் படித்தோம். மொத்தம் 19 அம்சங்கள். கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள எல்லோரும் தம் பெயரையும் பணியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. சிலருக்கு இது சடங்காகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலிலேயே வாய் திறந்துவிட்டவர், அறுவையில் பயன்படுத்திய பஞ்சுகளின் கணக்கு சரியாக வராதபோதும் துணிந்து சொல்வார். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வையும் விவாதித்தோம். நன்றாகச் சேர்ந்து இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே, தவறைத் தானே முன்வந்து பதிவேட்டில் எழுதுபவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துள்ளோம். பதில் வரவில்லை, மீண்டும் கேட்போம்.

டியூட்டி மாறும்போது நோயாளியின் கட்டிலருகே நின்றே அடுத்து வரும் சிஸ்டரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறையைச் சில வார்டுகளில் தொடங்கினோம். பகலில் நன்றாக நடக்கிறது. இரவில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கும்போது நடப்பதில்லை. ஆள் பற்றாக்குறையை ஒற்றுமைப் பேச்சால் மூட முடியாது. காலியிடங்களை நிரப்பும் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை.

ஒத்துழைத்த மயக்கவியல் மருத்துவர்களுக்கும் தியேட்டர் உதவியாளர்களுக்கும் நன்றி. தூய்மைப் பணியாளர்களை மாதக் கூட்டங்களுக்கு நாம் இதுவரை அழைக்கவில்லை. வரும் ஆண்டு முதல் அவர்களையும் அழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானமாக முன்வைத்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்