ரசம் குடிப்பதா, சாப்பிடுவதா?

அன்புள்ள பாஸ்கரா,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். பக்கவாதத்துக்குப் பிறகு உன் அப்பா வீட்டுக்கு வந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி.

"டாக்டர் தண்ணீரைத்தானே வேண்டாம் என்றார், சூப்பும் ரசமும் சாப்பாடுதானே?" என்று கேட்டிருக்கிறாய். மெஸ் ரசத்துக்குக் குற்றாலம் என்று பேர் வைத்தவன் கேட்கிற கேள்வியா இது! சூப் 'குடித்தேன்' என்பதுதான் நம் பேச்சு. 'சாப்பிட்டேன்' என்கிறவன் இங்கிலீஷ்காரன்.

விளையாட்டை விடு. பக்கவாதம் பார்த்த தொண்டைக்குத் தெளிவு ரசமும் தண்ணீர்தான். மூச்சுக்குழல் மூடுவதற்குள் ஓடி உள்ளே இறங்கிவிடும். சிலருக்குப் புரைகூட ஏறாது. நிமோனியாவில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் தெரியும். ரசம் சாதம் இன்னும் மோசம். பருக்கை வாயில் இருக்கும்போதே நீர் பிரிந்து முந்திக்கொள்ளும்.

விழுங்கல் சிகிச்சையில், எது எவ்வளவு கெட்டி என்று சொல்ல 0 முதல் 7 வரை ஓர் அளவுகோல் உண்டு. 0 தண்ணீர், 7 வழக்கமான சாப்பாடு. வேடிக்கை என்னவென்றால், 3, 4 இரண்டும் பானத்துக்கும் உணவுக்கும் பொது. உன் வழக்கு அங்கேதான் நிற்கிறது.

வீட்டிலேயே அளக்கலாம். 10 மில்லி சிரிஞ்சு, 0–10 கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், மற்றதில் கணக்கு தப்பும். ஊசி, தண்டு இரண்டையும் கழற்று. நுனியை விரலால் அடைத்து 10 வரை ஊற்று, விரலை எடுத்துப் 10 விநாடி விடு. 1 மில்லிகூட மிஞ்சாவிட்டால் அளவுகோலில் அது 0; 4 மில்லி வரை மிஞ்சினால் 1, 8 மில்லி வரை என்றால் 2. அதற்கு மேல் நின்று கொஞ்சமாவது இறங்கினால் 3. சொட்டே விழாவிட்டால் 4. பரிமாறும் சூட்டிலேயே அள. கஞ்சி ஆற ஆற இறுகும்.

சோளமாவு போட்டுக் கெட்டியாக்கலாம் என்று அக்கா சொல்வாள். எச்சில் பட்டால் மாவு நீர்த்துவிடும். வாயில் வைத்த ஸ்பூன் திரும்பக் கிண்ணத்துக்குள் போனால் கிண்ணமே இளகும். மருந்துக்கடை சாந்தன் கம் பவுடர் எச்சிலுக்கு அசையாது. எதுவானாலும் கடுகு, கறிவேப்பிலை, மிளகுத் தோல், தக்காளித் தோல் எல்லாவற்றையும் முதலில் வடிகட்டு.

அப்பாவுக்கு எந்த எண் என்று தெரபிஸ்ட் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் நாளைக்கே கேட்டு எழுது. அதுவரை ரசத்தை நீயே குடி.

உன்,
சேகர்