மௌல்மேன் நண்பனுக்கு: 3060-ஆ, 4060-ஆ?

ரங்கூன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோவிலுக்கு நடந்தே போய் வருகிறார் என்று படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துவிட்டது. சின்னவள் கோவிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் தாத்தாவுக்குத் தன் கையாலேயே நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். அவருக்குப் பேச்சே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினிக்குப் புது ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு (8 ஜிபி மெமரி) வாங்கவா, கைமாறி வரும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கவா என்று கேட்டிருந்தாய். உன் வேலைக்கு 3060 தான். வீட்டு பிளானை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றி, உள்ளே நடந்து போவதுபோல் காட்டுகிறாயே, அந்த வேலையை வைத்துத்தான் சொல்கிறேன்.

4060 தான் வேகம் என்று கடைக்காரர் சொன்ன டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) பொய்யில்லை. கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகான ஒரு கோர், கிளாக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும் என்று வைத்துப் போடும் கணக்கு அது. 3060-இல் 3584 கோர்கள், உச்ச வேகம் 1.777 கிகாஹெர்ட்ஸ். 3584-ஐ இரண்டால் பெருக்கி, அதை 1.777-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12,700 கிகாஃப்ளாப்ஸ், அதாவது 12.7 டெராஃப்ளாப்ஸ். 4060-இல் 3072 கோர்கள்தான், ஆனால் வேகம் 2.46 கிகாஹெர்ட்ஸ். அதே கணக்கில் 15.1 வருகிறது. கோர் குறைந்தும் எண் கூடுவதற்குக் காரணம் சிப் செய்த விதம். 2021-இல் வந்த 3060-ஐ சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தார்கள். 2023-இல் வந்த 4060, தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி-யின் புதிய முறையில் வந்தது. அதனால் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடுகிறது. காகிதத்தில் 4060 ஏறக்குறைய 19 சதவீதம் முன்னால் நிற்கிறது.

ஆனால் எல்லாக் கோருக்கும் எல்லா நேரமும் வேலை இருந்தால்தான் அந்த எண் நிஜம். அன்னதானத்துக்கு எத்தனை சமையல்காரர் நின்றாலும் அரிசி மூட்டை வந்து இறங்கினால்தானே உலை வைக்க முடியும்? இங்கே அரிசியைக் கொண்டு வருவது மெமரி. 3060-க்கு 192 பிட் பாதை, ஒவ்வொரு பிட்டிலும் நொடிக்கு 15 கிகாபிட். இரண்டையும் பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 4060-க்கு 128 பிட், 17 கிகாபிட், ஆக 272 ஜிபி. கால்வாசி குறைவு. இதைச் சரிக்கட்டத்தான் கார்டின் சிப்பை வடிவமைக்கும் என்விடியா, அடிக்கடி வேண்டியதைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் எல்2 கேச்சை 3 எம்பி-யிலிருந்து 24 எம்பி ஆக்கியது. அது நன்றாகவே வேலை செய்கிறது. விளையாட்டிலும் சின்ன ரெண்டரிலும் (மாதிரியைப் படமாக்கும் வேலை) 4060 தான் முந்தும். அதை மறைக்க மாட்டேன்.

கேச் போக்குவரத்தைக் குறைக்கும், இடத்தைக் கூட்டாது. உன் சிக்கலே இடம்தான். ஒரு 4கே டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்) என்றால் 4096-க்கு 4096 புள்ளி. புள்ளிக்கு 4 பைட் வைத்தால் 64 எம்பி. டிஸ்கில் அது சின்ன ஜேபெக்காகக் கிடக்கலாம், ரெண்டர் ஆகும்போது விரிந்துவிடும். தேக்குப் பலகை, மொசைக் தரை, சுவர்ப் பூச்சு என்று 20 பொருள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படம் வைத்தால் 60 படம், 3.75 ஜிபி. அதன்மேல் வாசலில் நீ வைக்கும் தென்னையும் வாழையும், ஜன்னல் கம்பியும், பின்னணியில் விண்டோஸ் பிடித்துக்கொள்ளும் பங்கும். 8 ஜிபி எங்கே போதும்? நிரம்பிவிட்டால் ரெண்டர் பாதியில் நிற்கும், இல்லையென்றால் மிச்சத்தைக் கணினியின் ராமில் வைத்து இழுத்து இழுத்து ஓடும்.

அந்த இழுவையிலும் 4060-க்கு ஒரு குறை இருக்கிறது. கார்டைச் செருகும் ஸ்லாட் நீளமாக இருந்தாலும் அது எட்டு லேன் (தகவல் போகும் தடம்) தான் பயன்படுத்தும். உன் மதர்போர்டில் அந்த ஸ்லாட்டின் இணைப்பு முறை பிசிஐஇ மூன்றாம் தலைமுறை. அதில் எட்டு லேனுக்கு நொடிக்கு 8 ஜிபி அளவுதான் போகும். 3060 பதினாறு லேனும் எடுப்பதால் அதே போர்டில் இரண்டு மடங்கு.

மின்சாரம் பற்றி நீ கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. 3060 பிடிப்பது 170 வாட், 4060 பிடிப்பது 115. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது இந்த 55 வாட் லேசுப்பட்டதல்ல. 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுப்பதாக வைத்தால் 600 வாட்-மணி. மற்ற பாகங்களும் திரையும் 120 வாட் என்றால், 3060-உடன் இரண்டு மணி நேரம், 4060-உடன் இரண்டரை. இன்வெர்ட்டரே தின்பதைக் கழித்தால் இரண்டுமே இன்னும் குறையும். ஆனால் 3060-இன் வாட் வரம்பை ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் இறக்கி வைக்கலாம். வரம்பைக் குறைக்கும் அளவுக்கு வேகம் குறையாது. பேட்டரியில் ஓடும்போது அப்படி வைத்துக்கொள். இல்லாத 4 ஜிபி-யை எந்த மென்பொருளாலும் சேர்க்க முடியாது.

உன் தம்பிக்கு மட்டும் வேறு பதில். கல்யாணமும் தீமிதியும் வீடியோ எடுத்து அனுப்புகிறவனுக்கு 4060 தான் சரி. அதில் வீடியோவைச் சுருக்கும் ஏவி1 என்கோடர் இருக்கிறது, 3060-இல் இல்லை. அதே தரத்துக்குக் கோப்பு சிறிதாகும். நம் ஊர் இணையத்தில் அது பெரிய உதவி.

வாங்கும்போது ஒன்றை மறக்காதே. 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டும் உண்டு. அதற்கு 128 பிட், 240 ஜிபி மட்டும். அதைத் தொடவே தொடாதே. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 12 ஜிபி, 192 பிட் என்று கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடு. கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டாகவும் இருக்கலாம். விசிறியை விரலால் சுற்றிப் பார், கரகரவென்றால் பேரிங் போயிருக்கும். ஓரத்தில் எண்ணெய் கசிந்தாற்போல் பளபளத்தால், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கலாம். உங்கள் ஊர் மழைக்குப் பின்தகடும் ஸ்குரூவும் துருப் பிடித்திருக்கிறதா என்றும் பார். அரை மணி நேரமாவது ரெண்டர் ஓட்டிக் காட்டச் சொல். தயங்குகிறவரிடம் வாங்காதே.

உன் பவர் சப்ளையின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கச் சொல்வேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மச்சான்