ஜனதா வாட்சில் எண்ணெய் ஊற்றாதே

அன்புள்ள மாப்ளே,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்கு நேரில் திட்டிக்கொள். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டதும் பதறித்தான் இதை எழுதுகிறேன். உன் ஹெச்எம்டி ஜனதா சாவி வாட்சுக்குள் சிலிகோன் எண்ணெய் நிரப்பப் போகிறாயாமே? தொடாதே!

நீ வீடியோவில் பார்த்தது கேசியோ எஃப்-91டபிள்யூ, டிஜிட்டல் வாட்ச். அதற்குள் அசையும் சக்கரமே கிடையாது. பின்மூடியைக் கழற்றி, 50 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை கொண்ட எண்ணெயில் முழுக வைத்து, பொத்தான்களை அமுக்கி அமுக்கிக் குமிழிகளை வெளியேற்றி, எண்ணெய்க்குள் இருக்கும்போதே மூடிவிடலாம். அலாரம் சத்தம் அமுங்கிப்போகும், அவ்வளவுதான். ஜனதாவில் பேலன்ஸ் வீல், அதாவது நேரத்தை அளக்க இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம், மணிக்கு 18,000 முறை அடிக்க வேண்டும். எண்ணெயில் அந்த வீச்சு உடனே செத்துவிடும். முழுச் சாவி கொடுத்தாலும் ஓடாது. கழுவி எடுப்பதும் லேசில்லை. அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு துளி தங்கினாலே சுற்றுகள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக வேகமெடுக்கும்.

ஆனால் உன் ஆசை அருமையான ஆசை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்து ரெசென்ஸ் என்ற வாட்ச் கம்பெனி இதைத்தான் செய்து காட்டியது. நிறுவியவர் பெனுவா மின்டீன்ஸ், தொழில்முறை வடிவமைப்பாளர். 2013-இல் வந்த அவர்களின் டைப் 3 வாட்சைப் பார். முள்ளே இல்லை, டயலே சுழல்கிறது, அதன் மேல் சின்ன வட்டுகளும் தனித்தனியாகச் சுழல்கின்றன. எண்ணெய் அந்த டயல் அறையில் மட்டும்தான். இயந்திரம் கீழே, காற்றுள்ள தனி அறையில்.

எதற்கு எண்ணெய்? நீலக்கல் கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 8 சதவீத ஒளி திரும்பிவிடும். உள்பக்கம் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருந்தால் அங்கே திரும்புவது மிகவும் குறைந்துவிடும். டயல் கண்ணாடியின் மேலேயே அச்சடித்ததுபோல் எழும்பி நிற்கும். மாப்ளே, படத்தில் பார்க்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது!

இதில் என்னை அசத்தியது அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவர்தான். அச்சு ஒன்று அதைத் துளைத்துப் போனால் என்றைக்காவது கசியும். அதனால் துளையே போடவில்லை. கீழே சுழலும் காந்தம் மேலேயுள்ள காந்தத்தை இழுத்துக்கொண்டு போகிறது. காந்தம் வந்தால் ஹேர் ஸ்பிரிங்குக்கு ஆபத்து, எனவே இயந்திரத்துக்குக் காந்தத்தடுப்பு உறை. பக்கவாட்டில் திருகும் குமிழான கிரௌனும் இல்லை, நேரம் வைப்பது, சாவி கொடுப்பது எல்லாம் பின்மூடியைத் திருப்பித்தான்.

அப்புறம் சூடு. சிலிகோன் எண்ணெய் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும். 30 டிகிரி ஏறினால் 3 சதவீதம். அமுங்க இடமில்லாவிட்டால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட் பிதுங்கும். குளிர்ந்தால் சுருங்கிக் குமிழி விழும். அதற்காக உள்ளே துருத்திபோல் மடிந்து விரியும் சிறு உறுப்புகள் வைத்திருக்கிறார்கள். உன் ஜனதாவில் அதற்கு எங்கே இடம்?

கை அரித்தால் கேசியோவில் செய். எண்ணெயை வெதுவெதுப்பாக்கி ஊற்று, ஒரு ராத்திரி திறந்தே விடு, குமிழி தானாக மேலே வரும். ஜனதாவை அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பு. பிரித்துக் கழுவி, அச்சுகள் சுழலும் கற்களுக்கு மட்டும் ஒரு பொட்டு வாட்ச் எண்ணெய் வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே