4 பக்கக் காமிக்ஸ்: வரையத் தொடங்கும் முன்

வணக்கம். நேரே பெரிய தாளில் கை வைக்காதீர்கள். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்தால் உள்ளங்கை அளவில் எட்டுக் கட்டங்கள். நான்கு பக்கங்களையும் இரண்டு விதமாகக் கிறுக்கிப் பார்க்கலாம்.

அச்சு ஏ5. எனவே ஏ3 தாளில் ஏ4 சட்டம் போட்டு வரையுங்கள். அச்சில் 71 சதவீதமாகச் சுருங்கும்போது 0.1 மி.மீ. பேனாக் கோடு காணாமல் போகும், 0.3க்குக் கீழே வேண்டாம். ஓரம் வரை போகும் படத்தைச் சட்டத்துக்கு வெளியே 5 மி.மீ. நீட்டுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியும். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்).

பலரும் சறுக்குவது பேச்சுக்குமிழில்தான். முதலில் எழுத்து, அப்புறம் குமிழ். முதலில் பேசுபவர் இடப்பக்கம். 'வந்துகொண்டிருக்கிறான்' ஒரே சொல்லாக முழு வரியையும் தின்றுவிடும். 'வந்துட்டிருக்கான்' போதும், பேச்சுக்கும் அதுவே அழகு. 'மூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்காமலிருக்க, 9 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரி இடைவெளி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை) விடுங்கள்.

பழைய ஃபோட்டோஷாப் பதிப்பில் 'கொ' கொம்பு வேறு, கால் வேறாகச் சிதறினால் யூனிகோட் எழுத்துருவைத் திட்டாதீர்கள். டைப் அமைப்பில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' தேர்ந்தெடுங்கள்.

வரைந்த பக்கங்களோடு கிறுக்கல் தாளையும் சேர்த்தே கொடுக்கவும்.